பத்து சஹன் அகலம்

இரண்டு லென்ஸ்களையும் கறுப்பு வெல்வெட் துணியின் மேல் வைத்துவிட்டு அர்ஜுனன் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றான். பீச் ஸ்ட்ரீட்டிலிருந்த அந்தக் கேமராக் கடையில் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஒரே தமிழன் அவன். மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. துறைமுகத்திலிருந்து மாட்டுவண்டிகள் வரும் சத்தம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கேட்டது. அய்யாக்கண்ணு உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். ஆனால் எதையும் தொடவில்லை.

“தொட்டுப் பாருங்க அண்ணே. கடிக்காது” என்றான் அர்ஜுனன்.

ஒன்று தட்டையானது. அதன் நடுவில் இருந்த கண்ணாடி ஒரு சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. மற்றது கனமானது, அதன் கண்ணாடி பெரிதாக, உள்ளே இறங்கிக்கொண்டே போவதாகத் தெரிந்தது. இரண்டும் அவரிடமிருந்த சின்ன பிலிம் கேமராவுக்குப் பொருந்துபவை. தாய்நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து அவர் வாங்கிய ஜெர்மன் கேமரா அது.

“சின்னவன் ரொம்ப அகலமாப் பாப்பான். ரூமுக்குள்ள நின்னா ரெண்டு செவுரும் வந்துரும். ஆனா மந்தம். வெளிச்சம் உள்ள போக நேரமெடுப்பான். பெரியவன் வேகம். நெழல்லயே ஆளப் புடிச்சிருவான். அவனுக்கும் அகலம் இருக்கு, சின்னவன் அளவுக்கு இல்ல.”

“ரெண்டும் சேந்த மாதிரி ஒண்ணு இல்லையா?”

“அது ஜெர்மன்காரனுக்கே இன்னும் வரலலா. வந்தா மொதல்ல ஒங்களுக்குத்தான்.” பேச்சு முடிவில் ‘லா’ போடும் பினாங்குப் பழக்கம் அவனுக்கும் ஒட்டியிருந்தது. மேசைமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான். “ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ஒங்க ஆளுங்க அசையவே மாட்டாங்களே. ஒங்களுக்கு எதுக்கு வேகம்?”

அய்யாக்கண்ணு சிரித்தார். அவன் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஊரிலிருந்து வந்து பினாங்கில் தங்கிவிட்ட ஒருவன் இங்கேயே இறந்துபோனால், எடுப்பதற்கு முன்பு உடலை நாற்காலியில் சாய்த்துவைத்து, சுற்றிலும் உறவுக்காரர்கள் நிற்க, ஒரு படம் எடுத்து அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்புவார்கள். மன்னார்குடியிலோ முசிறியிலோ இருக்கும் மனைவிக்கும் தாய்க்கும் அதுதான் கடைசி முகம். பல வருடங்களுக்கு முன்பு ஒரு காலரா வீட்டுக்கு வேறு படக்காரர்கள் போக மறுத்தபோது அய்யாக்கண்ணு போனார். அதன் பிறகு இறந்த வீடுகளெல்லாம் அவருக்கே வந்தன. அதன் பிறகு மற்ற வீடுகள் வரவில்லை. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொன்னதில்லை. வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வார்கள். கூட ஒரு கர்ப்பிணி வந்தால் மட்டும் பேசிக்கொண்டே தெருவின் மறுபக்கம் போய்விடுவார்கள். தீபாவளி அன்று அவர் மதியம் வரை மாடியைவிட்டு இறங்குவதில்லை. யாரும் தன் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று அவரே வைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

சாவு வீட்டுக்கென்று சில முறைகள் உண்டு. தண்ணீர் கேட்கக் கூடாது. கிளம்பும்போது ‘வரேன்’ என்று சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்வி கேட்கக் கூடாது. இவர் யார், இறந்தவருக்கு என்ன உறவு, எங்கே நிற்க வேண்டும் என்று படக்காரன் வாய் திறந்தால், அதுவரை அடங்கியிருந்த சண்டை அங்கேயே கிளம்பிவிடும். அவர்களாக நிற்கும் இடத்தில் நிற்கவிட்டு, எடுத்துக்கொண்டு வர வேண்டும். இருண்ட நடுக்கூடங்களில் பழைய லென்ஸை வெகுநேரம் திறந்துவைக்க வேண்டியிருக்கும். அழுகிறவர்களின் தோள் குலுங்கும். படத்தைக் கழுவிப் பார்த்தால் உயிரோடிருப்பவர்கள் எல்லாரும் கரைந்துபோயிருக்க, நாற்காலியில் இருப்பவர் மட்டும் புருவமயிர் வரை தெளிவாக இருப்பார்.

“இது கல்யாண வீடு” என்றார் அய்யாக்கண்ணு.

அர்ஜுனன் நிமிர்ந்து நின்றான். பிறகு, “நல்லது அண்ணே” என்று மட்டும் சொன்னான்.

முந்தின வாரம் ஷேக் அலாவுதீன் அவருடைய ஸ்டூடியோவுக்கு வந்திருந்தார். சூலியா ஸ்ட்ரீட்டில் பெரிய துணிக்கடை வைத்திருப்பவர். படியேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார். அவர் கடையில் வேலை பார்த்த சின்னையா இறந்தபோது அய்யாக்கண்ணு எடுத்த படத்தைப் பார்த்தாராம். புகையில்லாமல் எடுத்தாராமே, உண்மையா?

“ஆமா முதலாளி. வெளிச்சப் பொடி கொளுத்தறதில்ல.”

“அதான் வேணும். எம் மக ருக்கையாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ள ரங்கூன்ல. மறுநா காலையிலயே கப்பல். எம் பொண்டாட்டி ஷரீஃபாவுக்கு நெஞ்சு சரியில்ல. ஊதுபத்திப் பொகையே ஆகாது. அவளும் மகளும் ஒரே படத்துல இருக்கணும். ருக்கையா வேற எதுவும் கேக்கல. நகை கேக்கல, துணி கேக்கல. உம்மாகூட ஒரு படம். அவ்வளவுதான்.” அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “பள்ளிவாசல் ஆலிம்சா, படம்னதும் ஒரு மாதிரிதான் பாக்கறாரு. நான் பேசிக்கிறேன்.”

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. ஷரீஃபா அச்சீன் ஸ்ட்ரீட் வீட்டின் உள்கூடத்தில், மேலே வானம் திறந்த முற்றத்தின் ஓரமாகக் கட்டில் போட்டுப் படுத்திருந்தாள். காற்றுக்காக அங்கே கிடத்தியிருந்தார்கள். அங்கிருந்து நகர்த்த முடியாது. ஆகவே அந்தக் கூடம் ஒரு நாளும் பெண்கள் இல்லாமல் காலியாக இருக்காது. அன்னிய ஆண் அதற்குள் காலெடுத்து வைக்க முடியாது, கல்யாணத்தன்று மட்டுமல்ல, அதற்கு முன்பும். கேமராவை உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தப்போவது ஷேக் அலாவுதீனின் தங்கை. சித்தி ஹாஜரா என்று பெயர். புருஷன் இறந்தபின் அண்ணன் வீட்டோடு இருப்பவள். பிலிமைக் கழுவுவதும் படமாக்குவதும்கூட அவள்தான். அய்யாக்கண்ணு திரைக்கு வெளியே இருந்து சொல்லித் தர வேண்டும். படத்தை அவர் பார்க்கக் கூடாது.

தான் ஒருபோதும் பார்க்கப்போகாத அறைக்கு அவர் லென்ஸ் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

“கூடம் எவ்வளவு பெரிசு முதலாளி?” என்று மட்டும் கேட்டார்.

“பத்து சஹன் வைக்கலாம்” என்றார் ஷேக் அலாவுதீன், கூடத்தைக் கண்முன்னே பார்ப்பவராக. “தாராளமா வைக்கலாம்.”

சஹன் என்றால் சாப்பாட்டுத் தட்டு என்று அய்யாக்கண்ணுவுக்குத் தெரியும். மேலே கேட்க வாய் வரவில்லை. கேட்காமலிருந்தே பழகிய வாய் அது. தவிர, இந்த வேலை கைநழுவிவிடும் என்ற பயமும் இருந்தது. அன்று மாலை ஸ்டூடியோத் தரையில் பந்தி போடுவதுபோல எதிரெதிராக ஐந்தைந்து இலைக்கு இடம் விட்டு, நாற்காலிகளை நகர்த்திப் பார்த்தார். பத்துப் பேர் உட்காரும் கூடம். சின்ன இடம்தான். பெரிய லென்ஸே அதை முழுதும் பிடித்துவிடும். முற்றத்து வெளிச்சத்தில் ஒரு கண்சிமிட்டும் நேரம் போதும். ஷரீஃபா இருமினாலும் அந்த இருமலுக்குள் படம் முடிந்திருக்கும்.

“இதக் குடு” என்று இப்போது அர்ஜுனனிடம் பெரியதைக் காட்டினார். கடைக்காரத் துரையிடம் பேசி, ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்ல அனுமதி வாங்கித் தந்தான் அர்ஜுனன்.

பாடம் அச்சீன் ஸ்ட்ரீட் வீட்டின் முன்கூடத்தில் நடந்தது. நடுவாசலில் பச்சைத் திரை தொங்கியது. கேமராவும் முக்காலியும் திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. இந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த அய்யாக்கண்ணுவின் கையில் ஒரு தீப்பெட்டி இருந்தது. அதையே கேமராவாக வைத்துக்கொண்டு, திருப்ப வேண்டியதைத் திருப்பி, அழுத்த வேண்டியதை அழுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். ஷேக் அலாவுதீன் ஓரத்தில் கல்யாணத்துக்கு வந்த துணிகளைக் கெஜக்கோலால் அளந்துகொண்டிருந்தார்.

“பின்பக்கச் செவுத்த ஒட்டி முக்காலிய நிறுத்துங்க. அதுக்கு மேல பின்னால போக எடமிருக்காதில்ல?”

“இல்ல. முதுகு செவுத்துல ஒட்டுது” என்றது குரல். கொஞ்சம் கரகரப்பான, அவசரப்படாத குரல்.

“மூணு கால் நிக்கிற எடத்தையும் தரையில அடையாளம் பண்ணி வெச்சிருங்க. அன்னிக்குக் கூட்டத்துல தேட வேணாம். சாக்பீஸ் இருக்கா?”

“சாக்பீஸ் இல்ல. மருதாணி அரைச்சு வெச்சிருக்கு. அதுல வெக்கட்டுமா?”

“வெக்கலாம்.”

“அப்ப இந்தக் கேமராவுக்கும் கல்யாணம்தான்” என்றாள் சித்தி ஹாஜரா. உள்ளே யாரோ சிரித்தார்கள். சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் நீடித்தது. ஷேக் அலாவுதீனின் கெஜக்கோல் அது அடங்கும்வரை துணிமேல் அப்படியே நின்றது.

நிக்காஹ் நாளன்று அய்யாக்கண்ணு வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். பச்சைத் திரைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். முன்கூடம் முழுக்க ஆண்கள். பன்னீர் தெளித்தவர்கள் அவருக்கும் தெளித்தார்கள். நெற்றியில் விழுந்த துளியைத் துடைக்காமல் வைத்துக்கொண்டார். முற்றத்தில் வெயில் நேராக இறங்கும் வேளைக்குக் காத்திருந்து, திரையைப் பார்த்து, “இப்ப” என்றார்.

உள்ளே வளையல்களும் பேச்சும் குழந்தைகளின் அழுகையும் கலந்து இரைந்தன. பத்துப் பேருக்கு இவ்வளவு சத்தமா என்று ஒரு கணம் தோன்றியது. சித்தி ஹாஜராவின் குரல் திரைக்குக் கிட்டே வந்தது.

“படக்காரரே, ருக்கையா கட்டில்கிட்ட உக்காந்திருக்கு. மதினி அதும் கையப் புடிச்சிருக்காங்க. ஆனா மேல இருக்கற சின்னக் கண்ணாடி வழியாப் பாத்தா மதினி தெரியலையே.”

கேமராவின் மேலிருந்த அந்தக் கண்ணாடி பழைய லென்ஸுக்கென்று செய்தது. புதிய லென்ஸ் அதைவிட அகலமாகப் பார்க்கும். இதை அவர் பாடத்திலேயே சொல்லியிருந்தார்.

“அதுல தெரியாததும் படத்துல வரும். லென்ஸ் அதவிடப் பெருசாப் பாக்கும்.”

“நெசமா?”

“நெசம்தான்.”

“கொஞ்சம் திருப்பி வெக்கட்டுமா?”

“திருப்பினா அந்தப் பக்கம் இருக்கறவங்க போயிருவாங்க. அசைக்காதீங்க. அழுத்துங்க.”

அந்த இரைச்சலிலும் பொத்தான் விழுந்த சின்னச் சத்தம் அவருக்குக் கேட்டது. இன்னும் சில தடவை அழுத்தச் சொன்னார். பிறகு கேமரா திரைக்குக் கீழே தரையோடு நகர்ந்து வெளியே வந்தது. அதை நகர்த்திய விரல் நுனிகள் சிவந்திருந்தன. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

கிளம்ப எழுந்தவரை ஷேக் அலாவுதீன் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். “எங்க போறீங்க? கல்யாண வீட்டுல சாப்பிடாமப் போற ஆள இப்பத்தான் பாக்கறேன். உக்காருங்கலா.”

பாயின் மேல் துணி விரித்தார்கள். ஒருவர் இரண்டு கையாலும் ஏந்தி வந்து ஒரு பெரிய வட்டத் தாம்பாளத்தை வைத்தார். நெய்ச்சோறு குவிந்திருக்க, நடுவில் ஆட்டுக்கறி. அய்யாக்கண்ணு அடுத்த தட்டு வருமென்று பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. ஷேக் அலாவுதீன் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். இந்தப் பக்கம் ஒரு மாமா, அந்தப் பக்கம் ஈப்போவிலிருந்து வந்த கமாலுதீன் என்ற வியாபாரி, அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். எல்லாருமாக அந்த ஒரே தட்டைச் சுற்றி முழங்கால் மடித்து உட்கார்ந்து, “பிஸ்மில்லாஹ்” என்று கைவைத்தார்கள்.

“சஹன்ல கை வையுங்க படக்காரரே” என்றார் கமாலுதீன். “வெக்கப்பட்டா கறி எங்களுக்கு.”

அய்யாக்கண்ணு கையைத் தட்டில் வைத்தார். சோறு சுட்டது. எத்தனையோ வருடங்களாக அவர் கையும் இன்னொருவர் கையும் ஒரே சமயத்தில் ஒரு தட்டில் இருந்ததில்லை. கமாலுதீன் ஒரு நல்ல துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளினார். அதைப் பார்த்துக்கொண்டே அவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு சஹனைச் சுற்றி ஐந்து பேர், முழங்காலோடு முழங்கால் இடிக்க. ஒரு சஹன் இந்த முன்கூடத்தில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது. அது போலப் பத்து. திரைக்கு அந்தப் பக்கம் அவர் மனதில் கட்டிவைத்திருந்த கூடம் சுவர்களைத் தள்ளிக்கொண்டு விரிந்தது. கட்டில் விலகி, விலகி, ஓரத்துக்குப் போயிற்று.

“கறி புடிக்கலையா?”

“இல்ல, நல்லாருக்கு.” அவர் ஒரு வாய் விழுங்கினார். பிறகு ஷேக் அலாவுதீனிடம், “முதலாளி, இன்னொரு படம் எடுத்தா நல்லது. கட்டில்கிட்ட” என்றார்.

“அதான் எடுத்தாச்சேலா. ஷரீஃபா ரொம்ப அசந்து போயிட்டா. மருந்து குடுத்துத் தூங்குறா.” ஷேக் அலாவுதீன் எலும்பை ஓரமாக வைத்தார். “நல்லா வந்திருக்கும்னு ஒங்க மூஞ்சியே சொல்லுது.”

வற்புறுத்தியிருக்கலாம். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சாயங்காலம்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்திருக்கலாம். இதெல்லாம் தெருவில் நடக்கும்போதுதான் அவருக்குத் தோன்றியது. ‘வரேன்’ என்று சொல்லாமலே படியிறங்கி வந்திருந்தார்.

மறுநாள் காலை ரங்கூன் கப்பல் ஊதியது ஸ்டூடியோவில் கேட்டது. பிற்பகல் ஷேக் அலாவுதீன் தங்கையோடு வந்தார். வெள்ளைத் துப்பட்டியில் தலையிலிருந்து கால்வரை மூடிய உருவம் நேராக இருட்டறைக்குள் போய், இரட்டைக் கறுப்புத் திரைக்குப் பின்னால் மறைந்தது. ஷேக் அலாவுதீன் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் உட்காரும் செதுக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார். அய்யாக்கண்ணு திரைக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். எந்த மருந்துத் தட்டு எங்கே இருக்கிறது, பிலிமின் இரு நுனியையும் பிடித்து மருந்துக்குள் எப்படி ஏற்றி இறக்க வேண்டும் என்று சொன்னார். பிறகு காத்திருப்பதுதான் வேலை.

“ஏதாச்சும் பேசுங்க” என்றாள் அவள். “இருட்டுல சத்தமில்லாம இருந்தா என்னமோ மாதிரி இருக்கு.”

“என்ன பேசறது?”

“ஒங்க ஊட்டுல யாரெல்லாம் இருக்காங்க?”

“யாரும் இல்ல.”

மருந்துக்குள் பிலிம் ஏறி இறங்கும் சத்தம். “அப்ப அதப் பேச வேணாம்” என்றாள்.

அவர் சிரித்தது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவளே பேசினாள். கப்பலடியில் ருக்கையா அழவில்லை, தான்தான் அழுதேன் என்றாள். வீட்டில் ருக்கையாவின் பாயை யாரும் சுருட்டி வைக்கவில்லை என்றாள். மதினி காலையிலிருந்து படம் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றாள். அய்யாக்கண்ணு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, “இப்ப அடுத்த தட்டு” என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, “இப்பப் பாக்கலாம்” என்றார்.

“எல்லார் மூஞ்சியும் கறுப்பா இருக்கு. தலமுடி வெள்ள.”

“அப்படித்தான் இருக்கும்.”

“எல்லாரும் கெழவியாயிட்டாங்க.” அவள் குரலில் சிரிப்பு இருந்தது. “சல்மா வாயத் தொறந்துக்கிட்டு இருக்கா. இங்க ருக்கையா. அழகா இருக்கு. தல குனிஞ்சு...” அவள் நகரும் சத்தம் கேட்டது. பிலிமைச் சிவப்பு விளக்கருகே கொண்டுபோகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

“மதினியக் காணோமே.”

அவர் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“கை இருக்கு” என்றாள். “ருக்கையா கைமேல ஒரு கை இருக்கு. வளையல் தெரியுது. மதினி கைதான். அதோட படம் முடிஞ்சிருச்சு.”

நாற்காலியில் ஷேக் அலாவுதீன் குறட்டை விட்டார். தெருவில் ஒருவன் அப்பம் விற்றுக்கொண்டு போனான். கேட்காமலே அய்யாக்கண்ணு சொன்னார்: “பத்து சஹன்னா பத்துப் பேருன்னு நெனச்சிட்டேன்.”

“என்ன?”

“ஒரு ஆளுக்கு ஒரு சஹன்னு.”

பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. “ஒரு ஆளுக்கு ஒரு சஹனா. அவன் என்ன மனுசனா, ஆனையா.” அந்த இருட்டறையில் யாரும் சிரித்ததில்லை. சிரிப்பு எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

“காக்காவுக்கு இப்பச் சொல்ல வேணாம்” என்றாள் கடைசியில், வெளியே தூங்கும் அண்ணனைக் குறித்து. “ஏதாச்சும் பண்ண முடியுமா?”

முடியும். அது அவருக்கு நன்றாகத் தெரிந்த வேலை. சாவுக்கு வந்துசேர முடியாத மகனைப் பழைய படத்திலிருந்து வெட்டி எடுத்துத் தகப்பனின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒட்டி, ஒட்டிய கோடு தெரியாமல் செய்து, அதையே திரும்பப் படமெடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்தக் குடும்பங்கள் அதைச் சுவரில் மாட்டி வைத்திருக்கின்றன.

“மருதாணி அடையாளம் தரையில இருக்கா?”

“ஒரு மாசத்துக்குப் போகாது.”

மறுநாள் காலை பீச் ஸ்ட்ரீட்டில் அர்ஜுனன் லென்ஸை மாற்றிக் கொடுத்தான். “சின்னவனா? கல்யாணம் முடிஞ்சிருச்சேண்ணே” என்றான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தில் மாற்றி எழுதிக்கொண்டான்.

அதே அடையாளங்களில் முக்காலியின் கால்கள் நிற்க வேண்டும். கேமராவைக் கட்டில் பக்கம் திருப்பக் கூடாது. திருப்பினால் இரண்டு படத்துக் கோடுகளும் ஒன்றோடொன்று பொருந்தாது. ஆகவே அகலமான லென்ஸ்தான் வேண்டும். அது மந்தம். ஷரீஃபா அன்று வைத்திருந்தது போலவே கையை நீட்டி வைத்துக்கொண்டு, மெதுவாக மூச்சை இழுத்துவிடும் நேரம் அளவுக்கு இருமாமல், அசையாமல் இருக்க வேண்டும். ஷேக் அலாவுதீன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், பச்சைத் திரைக்கு வெளியே உட்கார்ந்து இதையெல்லாம் அவர் சொன்னார். உள்ளே சித்தி ஹாஜரா அதை மதினியிடம் சொல்வது கேட்டது. முதன்முதலாக ஷரீஃபாவின் குரலும் கேட்டது. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியது.

“படத்துல என் கை மட்டும் வந்திருக்காமே. மத்ததெல்லாம் எங்க போச்சுன்னு படக்காரரக் கேளு.”

“என் தப்புத்தாம்மா” என்றார் அய்யாக்கண்ணு, திரையைப் பார்த்து.

“எனக்குக் கை போதும். ருக்கையாதான் மூஞ்சி எங்கேன்னு கேக்கும்.” கொஞ்சம் இருமல். “சொல்லுங்க. எப்ப மூச்ச நிறுத்தணும்.”

எல்லாரும் மூச்சை நிறுத்திக்கொண்டதுபோல அந்த வீடு சற்று நேரம் கிடந்தது. பொத்தான் விழுந்தது. அது மறுபடி விடுபடும் சத்தத்துக்காக அவர் காத்திருந்தார். அந்த இடைவெளியில் முற்றத்தில் ஒரு காகம் இறங்கி நடந்தது. இருமல் வரவில்லை. பொத்தான் விடுபட்ட பிறகுதான் வந்தது, வெகுநேரம் வந்தது.

அன்று பிற்பகல் மறுபடியும் இருட்டறை. மறுபடியும் செதுக்கு நாற்காலியில் ஷேக் அலாவுதீன். மனைவியைத் தனியாக ஒரு படம் எடுப்பதாக அவரிடம் சொல்லியிருந்தார்கள். சித்தி ஹாஜரா இப்போது சொல்லாமலே தட்டுகளைக் கண்டுபிடித்தாள். கட்டில் கால் இரண்டு படத்திலும் ஒரே உயரத்தில் வரும்வரை பெரிதாக்கும் கருவியை ஏற்றி இறக்கச் சொன்னார். தாள்களைக் கழுவச் சொன்னார். பிறகு வெள்ளை விளக்கைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். திரையின் ஓரத்தில் மெல்லிய கோடாக வெளிச்சம் வந்தது. அந்தக் கோட்டிலிருந்து முகத்தைத் திருப்பி உட்கார்ந்துகொண்டார்.

“மதினி தெளிவா வந்திருக்காங்களா?”

“இருக்காங்க.” ஈரத் தாளைத் தட்டிலிருந்து எடுக்கும் சத்தம். “சிரிக்கிறாங்க. கைய நீட்டி வெச்சிருக்காங்க. அங்க யாரும் இல்ல” என்றாள்.

“ரெண்டு படத்துலயும் அதே வளையலா?”

“அவங்க அதக் கழட்டறதே இல்ல.”

“அப்ப நல்லதாப் போச்சு. வளையலோட விளிம்புல வெட்டுங்க. பழைய படத்துல கை இருக்கட்டும். புதுசுல கைய எடுத்திருங்க. கோடு வளையலுக்குள்ள மறைஞ்சிரும்.”

கத்தரிக்கோல் தாளில் இறங்கும் சத்தம் மெதுவாக, நின்று நின்று கேட்டது. ஈரத் தாளை வெட்டுவது எளிதல்ல. அவசரமில்லாமல் வெட்டினாள். கஞ்சிப் பசையைத் தடவி, அட்டையில் ஒட்டி, துணியால் ஒற்றி எடுத்தாள்.

“தெரியுதா கோடு?”

“தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்” என்றாள்.

அட்டையையும் பிலிம்களையும் துப்பட்டிக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அண்ணனை எழுப்பினாள். படியில் பாதி இறங்கியவள் நின்றாள்.

“வர்றேன் படக்காரரே.”

அவர் மேல்படி வரை வந்து நின்றார்.

“இனி வர்றதுக்கு என்ன இருக்கு? அதான் எல்லாம் முடிஞ்சிருச்சேலா” என்றார் ஷேக் அலாவுதீன் தூக்கக் கலக்கத்தோடு. அவருடைய செருப்புச் சத்தம் முன்னாலும் துப்பட்டியின் சரசரப்புப் பின்னாலுமாக இறங்கித் தெருவில் கலந்தன.

அய்யாக்கண்ணு திரும்பி வந்தார். திரையோரத்தில் வெளிச்சக் கோடு இன்னும் இருந்தது. அவள் விளக்கை அணைக்காமல் போயிருந்தாள். தட்டுகளைக் கழுவ வேண்டும், பசையை எடுத்து வைக்க வேண்டும். மேசைமேல் என்ன கிடக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. திரையை விலக்காமல் கையை மட்டும் உள்ளே நுழைத்து, சுவரைத் தடவி, விளக்கை அணைத்தார். பிறகுதான் உள்ளே போனார்.

அந்த அறையில் அவருக்குக் கண் தேவையில்லை. முதல் தட்டு, இரண்டாம் தட்டு, கத்தரிக்கோல், பசைக் கிண்ணம். மேசையின் ஓரத்தில் மருதாணி வாசனை லேசாகத் தங்கியிருந்தது. கிண்ணத்துக்கு அப்பால் விரல் நுனியில் அது தட்டுப்பட்டது. புதிய படத்திலிருந்து வளையல் விளிம்போடு வெட்டி எடுத்த, கைவிரல் நீளத் துண்டுத் தாள், இன்னும் ஈரமாக. எந்தப் பக்கம் படம், எந்தப் பக்கம் வெறும் தாள் என்று அவருடைய விரல்களுக்குத் தெரியும். படம் இருந்த பக்கம் கொஞ்சம் வழுவழுத்தது.

உள்ளங்கையில் அதை மெதுவாகப் பரப்பி வைத்து, விரல்களை மூடிக்கொண்டு, இருட்டில் நின்றார்.